சத்தமாகச் சொல்லச் சொன்னேன்

உண்மை பேசிய ஒரு குழந்தையை, 'நான் பொய் சொன்னேன்' என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வைத்தேன். அவள் சொன்னது உண்மை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். செய்த இடம் பள்ளிவாசலை ஒட்டிய மதரஸா. செய்தது நோன்பு மாதத்தில். அந்த மதரஸாவில் நான் பிள்ளைகளுக்கு நடத்திய பாடம் நல்லொழுக்கம்.

பெயர் எதையும் எழுதப் போவதில்லை. ஏன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் மேனேஜர். எங்கள் தெருவில் அப்போது கல்லூரிப் படிப்பு முடித்தவர்கள் குறைவு. அதனால் கல்யாணப் பத்திரிகைக்கு வாசகம் எழுதுவது முதல் வாடகைத் தகராறு வரை என்னிடம் வரும். ஒருநாள் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி கம்பெனிக்கே வந்தார். பெரியவர், சிரிக்கச் சிரிக்கப் பேசுவார்.

"ஹஜ்ரத்து புள்ளைகள நல்லா ஓத வெச்சுடறாருங்க சாரு. ஓதி முடிச்சு வெளிய வந்ததும் பாருங்க, எம்பட செருப்பப் போட்டுட்டுப் போயிடறானுக. ஓதுனது உள்ள எறங்கோணும். அதுக்கு நீங்கதான் ஏதாச்சும் பண்ணோணும்."

ஒப்புக்கொண்டேன். கம்பெனி முடிந்ததும் மாலையில் ஒரு வகுப்பு, தமிழில். முதல் வேலையாக, மூலையில் சாத்தியிருந்த பிரம்பை எடுத்துக்கொண்டு போய் ஹஜ்ரத்தின் அறையில் வைத்தேன். என் வகுப்பில் அடி கிடையாது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அதில் எனக்கு நிறையப் பெருமை. இன்றைக்கும் அந்தப் பெருமையில் ஒரு துளி மிச்சம் இருக்கிறது.

பிரம்புக்குப் பதிலாக ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். வியாழக்கிழமைதோறும் வகுப்பின் கடைசியில் 'உண்மை நேரம்'. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து, அந்த வாரம் தான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்டனை கிடையாது. சொல்லக் கடினமான உண்மையைச் சொன்ன பிள்ளைக்குப் பரிசு உண்டு. சொன்னால் அடி விழாது என்று தெரிந்ததும் பிள்ளைகள் மழை மாதிரிக் கொட்டினார்கள். சில வாரங்களில் அவர்களுடைய தவறுகள் தீர்ந்துபோயின. பரிசு வேண்டுமே. வீட்டில் இருப்பவர்களின் தவறுகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். அண்ணன் தொழுகைக்கு என்று சொல்லிவிட்டு மேட்னி போனான். அத்தா வாடகை கேட்டு வந்த வீட்டுக்காரரைப் பார்த்ததும் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நான் தடுக்கவில்லை. உண்மைதானே என்று விட்டேன். உண்மையைச் சொன்னால், ஒரு தெருவில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு ருசி விழுந்திருந்தது.

பிறர் குறையைத் துருவாதே, கண்ணில் பட்டாலும் மூடு என்பதும் எங்கள் மார்க்கத்தின் ஒழுக்கப் பாடம்தான். என்னிடம் இருந்த பாட வரிசையில் அதுவும் இருந்தது. முதலில் உண்மை பேசப் பழகட்டும், அதைப் பிறகு நடத்திக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருந்தேன்.

அந்தப் பெண்குழந்தைக்கு எட்டு வயது இருக்கும். அவளுடைய தாய் எங்கள் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். தைத்து வந்த பனியன்களைத் திருப்பிப் பார்த்து, ஓட்டையும் கறையும் இருப்பதை ஒதுக்குகிற வேலை. கணவன் இல்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் லைன் வீட்டில் ஓர் அறையில் தாயும் மகளும். மகளை என் வகுப்புக்கு அனுப்பச் சொன்னதே நான்தான்.

"சாருங்ககிட்ட உட்டுட்டா எனக்கென்னுங்க கவலை" என்றாள் அவள்.

நோன்பு மாதத்தில் வகுப்பை அஸர் என்கிற பிற்பகல் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொண்டோம். முற்றத்தில் பெரிய தேக்சாவில் நோன்புக் கஞ்சி கொதிக்கும். பிள்ளைகள் கஞ்சி வாங்க ஆளுக்கொரு தூக்குப்போசியோடு வருவார்கள். அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பாயில் உட்காருவார்கள். அந்த வியாழக்கிழமை, கஞ்சி எப்படி என்று பார்க்க வந்த முத்தவல்லி வகுப்பின் வாசலில் வந்து சாய்ந்து நின்றார்.

"உப்புப் பாத்துச் சொல்ல ஒருத்தன் இல்ல சாரு. எல்லாம் நோம்பு. சமையக்காரன் மூக்கு சொல்றதுதான் கணக்கு. நீங்க நடத்துங்க, நானும் கேக்கறேன்."

என் வகுப்பை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என் குரல் மாறியது எனக்கே தெரிந்தது.

ஒரு பையன் எழுந்தான். "தொழுகைக்கு ஒளுச் செய்யறப்ப வாய் கொப்புளிச்ச தண்ணி கொஞ்சம் உள்ள போயிருச்சுங்க."

"போயிடுச்சா, நீ போக விட்டியா?"

கொஞ்சம் யோசித்தான். "போக உட்டேனுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். முத்தவல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். "கொப்புளிச்சது எத்தன சொம்புடா?" என்றார். வகுப்பு களைகட்டிவிட்டது. இன்னும் நல்லதாக ஒன்று வரவேண்டும் என்று என் மனம் ஆசைப்பட்டது. அப்போது அவள் கையைத் தூக்கினாள்.

"எங்கம்மா நோம்பு வெக்கறதில்லீங்க."

அந்த இடத்தில் 'உட்காரு கண்ணு' என்று சொல்லியிருந்தால் போதும். வாசலைப் பார்த்தேன். முத்தவல்லியின் முகத்தில் சிரிப்பு நின்று, கவனம் வந்திருந்தது. என் முறையின் பலம் அவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கதவச் சாத்திட்டு இட்லி திங்கறாங்க."

"என்னைக்கோ ஒரு நாளா?"

"தெனமுங்க. தின்னுட்டு மாத்திரை போடறாங்க."

"என்ன மாத்திரை?"

"செவப்பா, பெருசா. தண்ணி குடிச்சுக் குடிச்சு முழுங்குவாங்க. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க."

சொல்லக்கூடாது என்று தாய் சொன்னதையும் மீறிச் சொன்ன உண்மை. அதைவிடக் கடினமான உண்மை அந்த வகுப்பில் வந்ததில்லை. பரிசு அவளுக்குத்தான் என்று அறிவித்து, பேரீச்சம்பழப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதைத் தூக்குப்போசியோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டாள். அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்குப் போய், நோன்பு திறந்து, என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, பொம்பளைக்கு நோம்பு இல்லாத நாளு இருக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா? நானே புள்ளைக கண்ணுல படாம அடுப்படியில நின்னுட்டுத்தான திங்கறேன்."

"தினமும் என்கிறாளே."

"அப்ப ஒடம்புக்கு முடியலீங்க. நோயாளிக்கு நோம்பு இல்லைன்னு நீங்கதான புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கறீங்க. மாத்திரை எப்படின்னு சொல்லுச்சு?"

சொன்னேன். "எங்கண்ணன் போட்டது அதே மாத்திரைங்க" என்றாள். அவளுடைய அண்ணனுக்குக் காசநோய் வந்தபோது, அவர் எங்கள் வீட்டில் தங்கித்தான் வைத்தியம் பார்த்தார். அந்தச் சிவப்பு மாத்திரைகளை நான் என் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வகுப்பில் அந்தப் பிள்ளை சொன்னபோதே எனக்குள் ஏதோ தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை என்று சொன்னால் அது பொய்.

"நாளைக்கே அவளத் தனியாக் கூப்புட்டு, பயப்படாத, நாங்க பாத்துக்கறோம்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. காரணம் இதுதான். கம்பெனியில் இருமுகிற பெண்ணைச் செக்கிங் மேஜையில் உட்கார வைக்க முதலாளி சம்மதிக்க மாட்டார். எனக்குத் தெரிந்துவிட்டால் நான் அவளை நிறுத்த வேண்டும். தெரியாதவன்போல இருந்துவிட்டால் அவள் பாட்டுக்கு வேலை செய்வாள். அவளுடைய நன்மைக்காகத்தான் பேசாமல் இருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் யாருக்குப் பயந்து கதவைச் சாத்தினாளோ, அந்த ஆட்களில் முதல் ஆள் நான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முத்தவல்லி கெட்டவர் இல்லை. வீட்டில் வேடிக்கையாகச் சொல்லியிருப்பார். அது தெருக்குழாய்க்குப் போனது. பையன்கள் அந்தப் பிள்ளையைப் பார்த்தால் "சோத்து நோம்பு, மாத்திர நோம்பு" என்று பாடினார்கள். இரண்டு பெண்கள் தாயின் அறைக்கே போய், என்னம்மா ஒடம்புக்கு, எந்த ஆஸ்பத்திரி, என்ன மாத்திரை என்று அன்பாக விசாரித்திருக்கிறார்கள். லைன் வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழாய், ஒரே கழிப்பறை. நோயின் பெயரைச் சொன்னால் அந்தப் பெண்களே அவளைக் காலி பண்ணச் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் நோன்பை மதிக்காதவள். இரண்டுக்கும் நடுவில் அவளுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அது அவளுடைய மகள்.

சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, வகுப்பு தொடங்கியதும் அவள் வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் மகளின் மணிக்கட்டு, மறுகையில் பேரீச்சம்பழப் பொட்டலம். முத்தவல்லியும் அன்று இருந்தார். கஞ்சி வாங்க வந்தவர்கள் சிலர் முற்றத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"சாருங்க, எம்புள்ள பொய் சொல்லிப்போட்டாளுங்க. நான் ஒரு நோம்பு உடறதில்லீங்க. இந்தப் பரிசு அவளுக்கு வேண்டாமுங்க."

"புள்ள எதுக்கம்மா அப்படி ஒரு பொய்யச் சொல்லோணும்?" என்றார் முத்தவல்லி.

"பரிசுக்கு ஆசப்பட்டுட்டாளுங்க."

பேசும்போது அவள் என்னைப் பார்த்தாள். உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்கிற பார்வை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். முத்தவல்லி என் பக்கம் திரும்பினார்.

"சாரு, உங்க வகுப்புல வந்த பேச்சு. நீங்கதான் தீத்து வெக்கோணும்."

பிள்ளைகளிடம் வீட்டு விஷயம் கேட்டது என்னுடைய தவறு, இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் என் வாயில் வந்து நின்றது. சொன்னால் என் வகுப்பு போய்விடும். பிரம்பு திரும்பி மூலைக்கு வந்துவிடும். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன்.

"எழுந்து நில்லு கண்ணு. நடந்தது என்னன்னு நீயே சொல்லிடு."

அவள் தாயைப் பார்த்தாள். தாய் பாயைப் பார்த்தாள்.

"நான் பொய் சொன்னேன்" என்று அவள் வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"கேக்கலை. சத்தமாச் சொல்லு."

"நான் பொய் சொன்னேன்."

பின்வரிசையில் ஒரு பையன் களுக் என்று சிரித்தான். நான் பொட்டலத்தை வாங்கி மாடத்தில் வைத்தேன். பிரித்த பொட்டலம், இரண்டு பழம் குறைந்திருந்தது. பொய் சொன்னாலும் ஒப்புக்கொண்டவர்களை அல்லாஹ் மன்னிப்பான் என்று பிள்ளைகளுக்கு ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். நல்ல உரை என்று முத்தவல்லி பிறகு சொன்னார்.

வெளியே போகும்போது அந்தத் தாய் எனக்கு மட்டும் கேட்கும்படி, "நல்லா இருப்பீங்க சாருங்க" என்றாள். அவள் மனதாரச் சொன்னாள். அந்த வாழ்த்துக்குப் பயந்து அன்று இரவு நான் சரியாகத் தொழவில்லை.

அதன்பிறகு அந்தப் பெண் கம்பெனியில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய நோன்பிருந்தாள். மதியம் மற்றவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது மேஜையை விட்டு நகராமல் பனியன்களைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து பார்ப்பேன். மாத்திரையை நோன்பு திறந்த பிறகோ விடியலுக்கு முந்திய சஹர் நேரத்திலோ போட்டுக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவில்லை. மகள் வகுப்புக்கு வந்தாள், பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், வாய் திறக்க மாட்டாள். உட்காரச் சொல்லும்வரை நிற்பாள்.

பெருநாள் கழிந்து, குளிர் தொடங்கியபோது தாய் வேலைக்கு வருவது நின்றது. சிலநாள் பார்த்துவிட்டு மனைவியை அழைத்துக்கொண்டு போனேன். அறையில் பாயில் கிடந்தாள். எங்களைப் பார்த்து எழப் பார்த்தாள், முடியவில்லை. மகள் சுவரோடு சுவராக நின்றாள். மாத்திரை சாப்பிடுகிறாயா என்று என் மனைவி கேட்டாள்.

"அந்த நோம்போட உட்டுட்டேனுங்க அக்கா."

"ஏம்மா, ராத்திரியில போட்டிருக்கலாமே."

அவள் மகளைத் தண்ணீர் எடுத்துவர அனுப்பினாள். பிள்ளை போனபிறகு சொன்னாள். "போடறதப் புள்ள பாத்துருமுங்க. நாளைக்கு யாராச்சும் கேட்டா மறுக்காவும் பொய் சொல்லச் சொல்லோணும். ஒருக்கா சொல்ல வெச்சதே எனக்குத் தொண்டையில நிக்குதுங்க. நோம்பு முடிஞ்சு பாத்துக்கலாம்னு இருந்தேன். அப்பறம் இருமலும் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு."

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுபடி மாத்திரை, ஊசி. கொஞ்சம் தேறினாள், பிறகு தேறவில்லை. அடுத்த நோன்பு வருவதற்குள் இறந்துவிட்டாள். நடுவில் மாத்திரையை நிறுத்தியதால்தானா என்று நான் எந்த மருத்துவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வந்துவிடும்.

மையித்து எடுக்கும்போது கூட்டத்தில் ஒரு பெண் இன்னொருத்திக்குக் காட்டினாள். "அந்தா, அன்னைக்குப் பொய் சொல்லிச்சே, அந்தப் புள்ளதான்." தாயின் தம்பி வந்து பிள்ளையைப் பெருமாநல்லூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் பஸ் வரை போனேன். அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தூக்குப்போசியை மடியில் வைத்திருந்தாள்.

உண்மை நேரத்தை நிறுத்தினேன். ஏன் என்று முத்தவல்லி கேட்டார். "நல்லாத்தான இருந்துச்சு சாரு, சினிமா தோத்துப்போற மாதிரி." பிள்ளைகள் புறம் பேசப் பழகிவிடுகிறார்கள் என்றேன். நான் தள்ளிவைத்த பாடத்தை எடுத்து நடத்தினேன். பிறர் குறையை மூடுவது பற்றி மாதக்கணக்கில் பேசினேன். பேசப் பேச அது அந்தப் பிள்ளையின் வாய்க்கு நான் போட்ட பூட்டாகவே எனக்குத் தெரிந்தது. ஒருநாள் பிள்ளைகள் முன்னால் எழுந்து, அன்றைக்கு அவள் சொன்னது உண்மை, பொய்யன் நான்தான் என்று சொல்லிவிட வேண்டும் என்று தவிப்பேன். சொன்னால் என்ன ஆகும்? மகள் பொய் சொல்லவில்லை என்றால் தாய் சொன்னது பொய். தாய் உயிரைக் கொடுத்து மூடிய நோயை நான் திறந்து காட்ட வேண்டும். இறந்தவர்களின் குறையைப் பேசாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான். அவள் பெயரைக் காப்பாற்றினால் மகள் பொய்க்காரி. மகளைக் காப்பாற்றினால் அவள் பெயர் போகும். இரண்டையும் அந்தத் தெருவில் ஒன்றாகக் காப்பாற்ற ஒரு வழி ஒருகாலத்தில் இருந்தது. அது அந்தச் சனிக்கிழமை என் வாயில் வந்து நின்ற வாக்கியம்.

இன்றும் எங்காவது நோன்புக் கஞ்சி கொதிக்கும். பட்டையும் இஞ்சியும் வெந்தயமும் மணந்து எழும்போது, அதற்குள்ளிருந்து அந்தக் குரல் வரும். இரண்டாவது தடவை சொன்ன சத்தமான குரல் அல்ல. முதலில் வாய்க்குள் சொன்னது. 'கேட்கவில்லை, சத்தமாகச் சொல்' என்று அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்கு வயதாகிக் குரல் மங்கியபோது, அவள் சொன்னது காதில் விழாவிட்டாலும் தலையாட்டிவிடுவேன். உப்புக் கேட்டாளா, மருந்து கேட்டாளா என்று தெரியாமல் இரண்டையும் எடுத்துக்கொண்டு போவேன். பள்ளிவாசலில் தெரியாத பெண்குழந்தை யாராவது என்னைப் பார்த்து எழுந்து நின்றால், உடனே உட்காரச் சொல்லிவிடுவேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், அவளுக்குத் திருமணமாகிப் பெருமாநல்லூரிலேயே இருக்கிறாள், ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிள் மிஷினில் தைக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதற்குள் நெஞ்சுவலி ஒருமுறை வந்து போயிருந்தது. மனிதர்களுக்குச் செய்த தீங்கை அந்த மனிதர்கள்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ்விடம் மட்டும் கேட்டால் போதாது என்று பிள்ளைகளுக்கு நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நோன்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, "வாங்க சாருங்க" என்றாள். என்னை மறந்திருப்பாள் என்று ஒரு ஆசை எனக்குள் இருந்திருக்கிறது. அது அந்த நொடியில்தான் தெரிந்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். வாசலில் நாற்காலி போட்டாள். டீ கொண்டுவந்தாள். நான் நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அன்று மாலையே எனக்குத் தெரியும் என்பதையும், முத்தவல்லி பார்க்கிறார் என்றுதான் கேள்விமேல் கேள்வி கேட்டேன் என்பதையும், அவளுடைய அம்மா ஏன் மாத்திரையை நிறுத்தினாள் என்பதையும் சொன்னேன். கடைசியில் சொன்னதை அவள் அதுவரை அறிந்திருக்கவில்லை. சொன்ன பிறகுதான், சொல்லியிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அப்போதும் முந்திக்கொண்டுவிட்டேன்.

அவள் கொடியிலிருந்த ஒரு துணியை நேராக இழுத்துவிட்டாள்.

"நான் சொன்னதுனாலதான் அம்மா போயிட்டாங்கன்னு இருந்தேனுங்க. சின்னதுல."

"இல்லம்மா. நான் கேட்டதனால."

"பொட்டலத்துல ரெண்டு பழம் கொறஞ்சிருந்துச்சுங்களே, நெனப்பிருக்குதுங்களா?"

"இருக்குது."

"ஒண்ணு நான் தின்னேன். ஒண்ணு அம்மா. அன்னைக்கு அவங்க நோம்பு இல்லீங்க. ஆனாலும் நோம்பு தொறக்கப் பாங்கு சொல்ற வரைக்கும் கையில வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. பாங்கு சொன்ன பொறவுதான் வாயில போட்டாங்க. எதுக்குங்கம்மான்னு கேட்டேன். சும்மா இரு கண்ணுன்னாங்க."

நான் கொண்டுவந்த பொட்டலம் என் மடியில்தான் இருந்தது. அதைக் கொடுக்கத் தைரியம் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லம்மா என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் அன்று சத்தமாகச் சொல்லச் சொன்ன அதே குரலாக இருந்தது.

"சொல்லீரலாமுங்க" என்றாள் நிதானமாக. "சொன்னா அது உண்மையா பொய்யான்னு எனக்கே தெரியலீங்க. ஒருக்கா நீங்க சொல்லச் சொன்னதச் சொல்லிப்போட்டேன். இத எனக்கு எப்பத் தோணுதோ அப்பச் சொல்றேனே."

கோபம் இல்லை அந்தப் பேச்சில். நான் தலையாட்டினேன்.

அப்போது உள்ளேயிருந்து ஒரு சின்னப் பெண், தூக்கம் கலைந்த முகத்தோடு வந்து தாயின் காலைக் கட்டிக்கொண்டது. நான்கு வயதுக்குள் இருக்கும். என்னைப் பார்த்து, "யாரும்மா?" என்றது.

"அம்மாவுக்குப் பாடம் சொல்லிக்குடுத்த சாரு, கண்ணு. சலாம் சொல்லு."

பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தது. எங்கேயோ ஓதப் போக ஆரம்பித்திருக்கும் போலிருக்கிறது. "அடிப்பாரா?" என்றது.

அவள் என்னைப் பார்த்தாள். சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. எல்லாமே உண்மை.

"இல்ல கண்ணு. இவுங்க யாரையும் அடிச்சதேயில்ல" என்றாள்.

பிள்ளை சலாம் சொன்னது. வாய்க்குள் சொன்னது, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பதில் சலாம் சொல்லிவிட்டு எழுந்தேன். பொட்டலத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் நோன்புக்கு முன்னால் பெருமாநல்லூர் போய்வருகிறேன். டீ கொடுப்பாள். பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசுவோம். அந்த வார்த்தையை நான் கேட்பதில்லை. அவளும் இன்னும் சொல்லவில்லை.